கேட் மூடும் நேரம் தெரிந்து கிளம்புங்கள்: புதுச்சேரி, கடலூரிலிருந்து ஊட்டி, முதுமலை, பண்டிப்பூர் போகும் ஜோடிகளுக்கு

நமக்குத் தெரிந்த ஏற்றம் மேம்பாலம்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஓட்டிப் பழகியவர்கள் காரில் மலைக்குக் கிளம்பினால் முதலில் பயப்படுவது கொண்டை ஊசி வளைவுகளுக்கு. வளைவுகள் அரை நாளில் பழகிவிடும். பயணத்தைக் கெடுப்பது கேட்டுகள். சோதனைச்சாவடி, காட்டுச்சாலை, சஃபாரி கவுன்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, ஒரு தாள் வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லாமல் நானும் என் வீட்டுக்காரரும் ஃபோன் மேல் ஃபோன் போட்டு, ஆளுக்கொரு பதில் வாங்கி அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

வழி இதுதான்: புதுச்சேரி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி. அங்கிருந்து கூடலூர் வழியாக முதுமலை, பண்டிப்பூர், குண்டலுப்பேட்டை. திரும்பும்போது சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம், சேலம். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. மொத்தம் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். நான்கு இரவு தங்கினால் நிதானமாக முடியும். மூன்று இரவில் முடிப்பவர்களும் உண்டு, அவர்கள் பார்ப்பது ரோட்டை மட்டும்தான்.

1. மாதத்தையும் கிழமையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். ஊட்டியில் கூட்டம், முதுமலையில் காய்ந்த காடு. காட்டுத்தீ அபாயம் இருந்தால் சஃபாரியையே நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கம் கொட்டும். மரம் விழும், மண் சரியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை மேட்டுப்பாளையம், குன்னூர் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் புயல் எச்சரிக்கை என்றால் குன்னூர் பாதையிலும் ஒரு கண் இருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது செப்டம்பர், அப்புறம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். தலைக்குந்தா புல்வெளி காலையில் வெள்ளையாகக் கிடக்கும். நம் வீட்டில் இருக்கும் ஒற்றை ஸ்வெட்டர் அதற்குப் போதாது.

கிழமை விஷயத்தில் ஒரே விதி: ஞாயிறு இரவோ திங்கள் அதிகாலையோ கிளம்புங்கள். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறையில் மலை ஏறவே கூடாது.

2. எந்த வண்டி?

சொந்த வண்டி என்றால் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ஓட்டுபவர் ஒவ்வொருவருக்கும் உரிமம். டிஜிலாக்கரில் இருந்தாலே சட்டப்படி செல்லும். ஆனால் காட்டுச்சாலையில் சிக்னல் இருக்காது, அதனால் அசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி மாமனார் பெயரில் இருந்தால் உங்கள் டிஜிலாக்கரில் ஆர்.சி.யை இறக்குவது சிக்கல். அவரிடம் அட்டையையே கேட்டு வாங்கிவிடுங்கள். புகைச் சான்றைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முன் தேதி பாருங்கள்.

பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி நம்பர் வண்டிக்குத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் சுற்றுலா போய்வரத் தடை எதுவும் இல்லை. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு, வரி எல்லாம். ஆனால் கடலூரில் குடியிருந்துகொண்டு பி.ஒய். வண்டி ஓட்டுபவர்களை நிறுத்திக் கேட்பார்கள். 

வாடகைக்கு எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகை வண்டிக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். ஆனால் தனியார் வண்டிக் காப்பீடு வாடகைக்கு விட்டால் செல்லாது. மலையில் ஒரு உரசல் என்றாலும் முழுச் செலவும் உங்கள் தலையில். கருப்புப் பலகை வண்டியிலும் தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டுக்கும் பர்மிட் இருக்கிறதா என்று தாளில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். "எல்லாம் இருக்குங்க" என்ற வாய்ச்சொல் சோதனைச்சாவடியில் எடுபடாது.

3. இ-பாஸ்

2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கொடைக்கானலுக்கும் அப்படியே. உயர் நீதிமன்ற உத்தரவு என்பதால் பேசிச் சமாளிக்க முடியாது. அரசு இணையதளத்தில் கைபேசி எண் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் இவற்றை நிரப்பினால் கியூ.ஆர். குறியீட்டோடு பாஸ் வந்துவிடும். பத்து நிமிட வேலை.

இதற்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் விசாரித்த ஒரு விடுதியில் "பாஸ் நாங்களே எடுத்துத் தர்றோம், ஐந்நூறு ரூபாய் போட்டுவிடுங்க" என்றார்கள். யார் காசு கேட்டாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அதனால் தேதி முடிவானதும் முதல் வேலையாகப் பாஸ் எடுங்கள். அறைக்குப் பணம் கட்டுவது அதற்கு அப்புறம். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான். கடைசி நேரத்தில் வேறு வண்டி எடுத்தால் புதுப் பாஸ் எடுக்க வேண்டும். பாஸைப் படமாக ஃபோனில் வைத்துக்கொள்வதோடு ஒரு அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்துக் கல்லாறு சாவடியில் பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க ஃபோனில் தேடுவது சுகமான காரியம் இல்லை.

4. அறை

இரண்டு இரவு ஊட்டி அல்லது குன்னூர். ஒரு இரவு முதுமலையை ஒட்டிய மசினகுடி. கடைசி இரவு சத்தியமங்கலம் அல்லது பவானி. நான் குன்னூரைத்தான் சொல்வேன். ஊட்டி நகரத்துக்குள் வண்டி நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும்.

மசினகுடியில் முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒன்று விசாரியுங்கள். அங்கே யானை வழித்தட வழக்கில் பல விடுதிகளுக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அந்த வழித்தடத்தை உறுதி செய்தது. இணையத்தில் படம் அழகாக இருக்கும், இடம் இயங்குகிறதா என்பது வேறு கேள்வி. சமீபத்திய மாத விமர்சனம் இருக்கிறதா பாருங்கள், ஃபோன் போட்டுப் பேசுங்கள். வனத்துறையின் தங்குமிடங்கள் முதுமலைக்குள் இருக்கும் தெப்பக்காட்டில் இருக்கின்றன, முதுமலை புலிகள் காப்பக இணையதளத்தில் பதிவு. கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

இருவருக்கும் ஆதார் போன்ற அடையாள அட்டை வேண்டும், ஒருவருடையது போதாது. திருமணச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் சில விடுதிகள் தங்கள் பாட்டுக்கு விதி வைத்திருக்கின்றன. புதுசாகக் கல்யாணமாகி ஆதாரில் பெயர், முகவரி மாற்றாதவர்கள் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குளிரில் நின்று குடும்ப வரலாறு சொல்ல வேண்டாம்.

5. மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போங்கள். கடற்கரை ஊர் வண்டிகளுக்கு உப்புக்காற்றுத் தொல்லை உண்டு. அடிப்பாகம், பிரேக் டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் துரு ஏறியிருக்கும். சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நாம் யாரும் இழுப்பதே இல்லை, அதனால் பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மலையில் டிராஃபிக் நின்றால் முதலில் தேடுவது அதைத்தான். மெக்கானிக்கிடம் "ஜெனரல் செக்கப்" என்று சொல்லாதீர்கள். பிரேக் பேட், பிரேக் ஆயில், ஹேண்ட் பிரேக், கூலன்ட், வைப்பர், ஸ்டெப்னி காற்று என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதைப் பழக நம் ஊரில் மலை இல்லை. மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் போய்ப் பழகலாம். ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும் பிரேக்கை விடுங்கள். இருவரில் மலையில் ஓட்டப்போவது யாரோ அவர் கட்டாயம் பழக வேண்டும். எங்கள் வீட்டில் அது நான்.

6. டேங்க், ஃபாஸ்டேக், டிக்கி

பெட்ரோலைப் புதுச்சேரியிலேயே நிரப்புங்கள். தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு நான்கைந்து ரூபாய் குறைவு. கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போய்ப் போட்டுவருவது புதுசு இல்லை.

ஆனால் பெட்ரோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுச்சேரி சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் மதுவிலக்குப் போலீஸ் வண்டியையே பறிமுதல் செய்யும். "குளிருக்கு ஒரே ஒரு பாட்டில்" என்பவர்கள் முதல் முப்பது கிலோமீட்டரிலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஃபாஸ்டேக்கில் இருப்பு வைத்திருங்கள். டேக் வேலை செய்யாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டும்: 2025 நவம்பரில் வந்த விதிப்படி பணமாக என்றால் இரண்டு மடங்கு, யு.பி.ஐ. என்றால் ஒன்றேகால் மடங்கு. சேலம் வரையிலும் அதற்கு அப்புறமும் வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி, வைகுந்தம், விஜயமங்கலம் என்று வரிசையாக வரும். அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் என்றால் வருடாந்திர பாஸ் லாபம், 2025-இல் அறிமுகமானபோது அது 3,000 ரூபாய். 200 முறை கடக்கலாம், ஆனால் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு மட்டும்.

டிக்கியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலும் தடை, சாவடியில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், அபராதம் உண்டு. இரண்டு எவர்சில்வர் பாட்டில் போதும், வழியில் குடிநீர் ஏ.டி.எம். இருக்கிறது. வாந்தி வருபவர்கள் மேட்டுப்பாளையத்துக்கு அரை மணி முன்பே மாத்திரை போடுங்கள். வளைவில் ஏறிய பிறகு போட்டு உபயோகமில்லை. உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

7. கிளம்பும் நாள்

காலை நான்கு மணிக்குப் புதுச்சேரியை விட்டால் எட்டு மணிக்குள் சேலம், பதினொன்றரைக்கு மேட்டுப்பாளையம், இரண்டு மணிக்கு மேலே. கடலூரிலிருந்து கிளம்புகிறவர்கள் விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம் வழியாகச் சேலம் சாலையைப் பிடிக்கலாம். நெய்வேலி வரை லாரி நெரிசல் இருக்கும். கள்ளக்குறிச்சி, ஆத்தூர் பக்கம் நான்குவழிச் சாலை புறவழிகளில் திடீரென்று சுருங்கும் இடங்கள் இருக்கலாம். வெளிச்சம் வருவதற்கு முன் அங்கே வேகம் வேண்டாம்.

இருட்டிய பிறகு மலை ஏறாதீர்கள். மாலை ஐந்துக்கு மேல் ஆகிவிட்டால் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசிகள். கோடை சீசனில் ஏற குன்னூர் பாதை, இறங்க கோத்தகிரி பாதை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் எதிரே பஸ் வரும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும். வளைவில் பஸ் திரும்பும்போது அதன் பின்பக்கம் உங்கள் பக்கமாக வீசி வரும். பத்தடி தள்ளியே நின்றுவிடுங்கள், இடைவெளி இருக்கிறதே என்று மூக்கை நுழைக்க வேண்டாம். சின்ன இன்ஜின் வண்டி இழுக்கத் திணறினால் ஏ.சி.யை அணையுங்கள்.

இறங்கும்போது எந்த கியர் என்பதற்குப் பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு: ஏற எந்த கியர் வேண்டியிருந்ததோ அதிலேயே இறங்கு. பெரும்பாலும் இரண்டாவது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் நாற்றம் வந்தால் ஓரங்கட்டி அரை மணி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்டோமேடிக் வண்டிக்காரர்கள் 'எல்' நிலையையோ மேனுவல் முறையையோ எப்படிப் போடுவது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

8. ஊட்டியிலிருந்து முதுமலை: மேப் சொல்வதைக் கேட்காதீர்கள்

மசினகுடிக்கு மேப் போட்டால் கல்லட்டி வழியாக முப்பது கிலோமீட்டர் என்று காட்டும். 36 கொண்டை ஊசிகள், படு செங்குத்து. 2018-இல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. தலைக்குந்தாவில் எங்களுக்கு முன்னால் நின்ற காரில் ஒரு பெரியவர் ஃபோனை நீட்டி, "சார், மேப்புல இதான் காட்டுது" என்றார். போலீஸ்காரர் ஃபோனைப் பார்க்கவே இல்லை. நம்பர் பலகையைப் பார்த்தார். "டி.என். 43 இல்லல்ல? கூடலூர் போங்கய்யா" என்று கையைக் காட்டிவிட்டார். டி.என். 43 என்பது நீலகிரிப் பதிவு.

ஆகவே கூடலூர் வழிதான். பைக்காரா, நடுவட்டம், ஊசிமலை காட்சிமுனை எல்லாம் அதில்தான் இருக்கின்றன, நஷ்டம் ஒன்றும் இல்லை. மசினகுடி வரை எழுபத்தைந்து கிலோமீட்டர், நின்று நின்று போனால் நான்கு மணி நேரம். கூடலூரில் டேங்கை நிரப்பிவிடுங்கள்.

தெப்பக்காடு யானை முகாமில் காலை எட்டரை வாக்கிலும் மாலை ஐந்தரை வாக்கிலும் யானைகளுக்கு உணவு கொடுப்பார்கள். மாலை வேளைக்குப் போக நினைத்தால் பன்னிரண்டு மணிக்குள் ஊட்டியை விட வேண்டும். ராகியும் அரிசியும் கவளமாகப் பிடித்து, பாகன் கையாலேயே வாய்க்குள் வைப்பார். அதைப் பார்க்கிறபோது என் வீட்டுக்காரர் "நமக்கு இப்படி யாரு ஊட்டுறா" என்றார். பதில் சொல்லவில்லை.

9. சஃபாரி

முதுமலையில் வனத்துறை வண்டியில் மட்டும்தான் சஃபாரி. பதிவு காப்பக இணையதளத்திலோ தெப்பக்காடு கவுன்டரிலோ. கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். காலை முதல் வண்டிதான் நல்லது. கவுன்டர் திறப்பதற்கு அரை மணி முன்பே நில்லுங்கள். புலி தெரியும் என்று நம்பிப் போகாதீர்கள். புள்ளிமான், காட்டெருமை, மயில், அதிர்ஷ்டம் இருந்தால் யானை. அவ்வளவுதான், அதுவே நிறைவாக இருக்கும்.

மசினகுடியில் மாலையானால் ஜீப்காரர்கள் வந்து "நைட் சஃபாரி போலாமா, ரெண்டு பேருக்கு மட்டும்" என்பார்கள். அப்படி ஒன்று சட்டப்படி கிடையாது. பிடிபட்டால் அபராதம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பண்டிப்பூர் சஃபாரி கர்நாடக வனத்துறையுடையது, பதிவு தனி. 2025 நவம்பரில் புலித் தாக்குதல்களுக்குப் பிறகு பண்டிப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தினார்கள். ஆகவே அதை நம்பி நாளை ஒதுக்குவதற்கு முன் நடக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

10. பண்டிப்பூர், திம்பம்: இரண்டு கடிகாரம்

முதுமலை, பண்டிப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் பாதையில் நம் மாதிரி சிறு வண்டிகளுக்கு அதே நேரம், கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே தடை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆறு மணிக்குள் இறங்கிவிட லாரிகள் எல்லாம் ஐந்து மணிக்குத் திம்பத்தில் முட்டிமோதும். நீங்கள் மூன்று மணிக்குள் அங்கே இருங்கள்.

காட்டுச்சாலையில் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, ஹாரன் கூடாது, குரங்குக்கு எதுவும் போடக் கூடாது. மலை வளைவில் ஹாரன் அடித்துப் பழகிய கை காட்டுக்குள் வந்ததும் அடங்க வேண்டும். சிறுநீர் அவசரங்களைத் தெப்பக்காட்டிலேயே முடித்துவிடுங்கள். பெண்களுக்கு அடுத்த வசதி குண்டலுப்பேட்டையில்தான் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

நேரம் இருந்தால் குண்டலுப்பேட்டைக்குப் பக்கத்தில் ஹிமவத் கோபாலசாமி பெட்டா. அடிவாரத்தில் காரை விட்டுவிட்டு கர்நாடக அரசு பஸ்ஸில்தான் மேலே போக முடியும். பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள்.

சாம்ராஜ்நகரில் டேங்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் சத்தியமங்கலம் வரை காடுதான். காரப்பள்ளம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் ரோட்டிலேயே காத்திருக்கும். முன்னால் கரும்பு லாரி போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். லாரி நின்றால் யானை வந்துவிட்டது என்று அர்த்தம். ஐம்பது அடி தள்ளி, இன்ஜின் ஓடியபடியே, கண்ணாடியை ஏற்றிவிட்டு இருங்கள். யானை இரண்டு கரும்பை உருவி, மண்ணைத் தட்டி, மென்று முடிக்கும்வரை யாருக்கும் அவசரம் இல்லை. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பவர்களால்தான் ஆபத்து.

திம்பத்தில் 27 கொண்டை ஊசிகள். லாரி வளைவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அது திரும்பி முடித்து, டிரைவர் கை காட்டிய பிறகு போங்கள். இறங்கினால் பண்ணாரி அம்மன் கோயில். கும்பிடுவதோடு பிரேக்கும் ஆறும்.

11. செலவு

லிட்டருக்கு பதினான்கு கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் வண்டிக்கு எழுபது லிட்டர், அதாவது ஏழாயிரம் ரூபாய். அறை நான்கு இரவுக்கு எட்டாயிரம் முதல் பதினான்காயிரம் வரை ஆகும், வார நாள் கணக்கு. சாப்பாடு இருவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் ஒதுக்குங்கள். சுங்கம், நீலகிரி நுழைவில் பசுமை வரி, பார்க்கிங், சஃபாரி, நுழைவுச்சீட்டுகள் சேர்த்து மூன்று, நான்காயிரம். ஐந்து நாளுக்கு மொத்தம் இருபத்துமூன்றாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை ஆகும். ஊட்டியில் சாக்லேட், வர்க்கி, தைலம் வாங்கும் கணக்கு இதில் இல்லை, அது ஆளைப் பொறுத்தது. கையில் ஐயாயிரம் ரொக்கமாக, அதிலும் நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்திருங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஃபோனில் பணம் அனுப்ப முடியாது.

12. திரும்பி வந்த வாரம்

மெக்கானிக்கிடம் பிரேக் பேட் தேய்மானத்தை மறுபடி பாருங்கள், இத்தனை இறக்கம் இறங்கிய பிறகு பாதி தேய்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளை உட்கார்ந்து ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒரே சுங்கச்சாவடியில் இரண்டு முறை பிடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைத்துப் புகார் பதியலாம். வண்டி எண், சாவடி பெயர், தேதி, நேரம் நான்கும் கேட்பார்கள். அதனால் அந்தக் குறுஞ்செய்திகளை அதுவரை அழிக்காதீர்கள்.